விளம்பரம் நீக்கிய வீட்டுப் பிரதி: டெக் காலம் முதல் 2012 சட்டத் திருத்தம் வரை

விலை கொடுத்து வாங்கிய டிவிடியைப் பிளேயரில் போட்டதும் படம் தொடங்கிவிடுவதில்லை. நகைக்கடை, ஜவுளிக்கடை, அடுத்து வரப்போகும் படங்களின் முன்னோட்டம், திருட்டு விசிடி எச்சரிக்கை என்று சில நிமிடங்கள் ஓடும். தாண்டிப் போகலாம் என்று ரிமோட்டை அழுத்தினால் திரையின் மூலையில் ஒரு கை அடையாளமோ, குறுக்குக்கோடு போட்ட வட்டமோ வந்து மறையும். தட்டு நம்முடையது, பிளேயரும் நம்முடையது. ஆனால் அந்த நிமிடங்கள் நம்முடையவை இல்லை. அவை எந்தக் காலத்தில், எந்த நுட்பத்தால் பார்ப்பவரின் கையைவிட்டுப் போயின என்பதையும், அவற்றை நீக்கி வீட்டுக்கென ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியச் சட்டம் எப்போது வழிவிட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 2012 ஜூன் 21 முதல் அந்த வழி திறந்திருக்கிறது என்பதே என் முடிவு.

கொல்லிமலை அடிவாரத்து பேளுக்குறிச்சியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் வட்டத்தில், மிளகு, சீரகம், மல்லி, வெந்தயம் விற்கும் மளிகைச் சந்தைக்குப் பேர்போன ஊர் அது. பெரிய திரையரங்கு வேண்டுமென்றால் ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் சினிமா வீட்டுக்குள் வந்தது முதலில் வாடகை டெக்கில், பிறகு தட்டில். தட்டு விற்ற கடைகளில் இன்று ரீசார்ஜும் செல்போன் உறையும் விற்கிறார்கள். அலமாரியில் இருக்கும் தட்டு கெட்டுப்போனால் அதே தட்டை மறுபடி வாங்க இடமில்லை. காப்புப் பிரதி என்ற கேள்விக்கு இங்கே இருக்கும் கனம், எதையும் நொடியில் இறக்கிப் பார்க்கும் நகரத்தில் இருக்காது.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. அதன் பின்னாலேயே வீடியோ டெக்கும் வந்தது. காதுகுத்து, திருவிழா, பொங்கல் என்றால் டிவியையும் டெக்கையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். அந்தக் கேசட்டுகளிலும் விளம்பரத்துக்குக் குறைவில்லை. படத்தின் அடியில் எழுத்துகள் ஊர்ந்து போகும். சண்டைக்கும் பாட்டுக்கும் நடுவே சோப்பு விளம்பரம் வந்து நிற்கும். ஆனாலும் ஓட்டிவிடும் பொத்தான் பார்ப்பவர் கையில் இருந்தது. காந்த நாடாவுக்குக் கட்டளை எதையும் புரிந்துகொள்ளத் தெரியாது. முன்னே ஓட்டு என்றால் ஓடும்.

1984இல் இரண்டு செய்திகள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்றது. அதே ஆண்டு இந்தியா தன் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ படத்தை அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அப்போது சேர்ந்த 52ஏ பிரிவின்படி, வெளியிடப்படும் ஒவ்வொரு வீடியோ படத்திலும் தணிக்கைச் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும் முகவரியும் காட்டப்பட வேண்டும். படத்துக்கு முன்னால் ஓடுவனவற்றில் சட்டம் கேட்பது இதைத்தான். நகைக்கடை அதன் நிழலில் வந்து ஒட்டிக்கொண்டது.

1993இல் வகுக்கப்பட்ட விசிடி நம் ஊருக்குத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்தது. ஒரு தட்டில் 74 நிமிடம். ஆகவே இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. அந்த வடிவத்தில் பூட்டு என்று எதுவும் கிடையாது. கணினியில் தட்டைப் போட்டுக் கோப்பை இழுத்துவிட்டால் பிரதி ஆயிற்று. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: விளம்பரமும் படமும் பல சமயம் ஒரே கோப்பாகத் தைக்கப்பட்டிருக்கும்; எங்கே வெட்டுவது என்று ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தின் மேலேயே பதிந்து ஊரும் எழுத்தை நீக்க அன்று வழியில்லை.

பர்மா பஜாரிலிருந்து ஊர்ச் சந்தைகள் வரை திருட்டு விசிடி பரவியதும் அரசு கடுமை காட்டியது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தை, அதாவது மக்கள் வாயில் வழங்கும் குண்டர் சட்டத்தை, 2004இல் திருத்தி வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க வழி செய்யும் சட்டம் அது. விற்பனைக்காகப் பல்லாயிரம் தட்டு அச்சடித்தவரைப் பிடிக்கத்தான் அந்தத் திருத்தம். ஆனால் கணினிக் கடைக்காரர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: காப்பி போட்டால் குண்டாஸ். சொந்தத் தட்டுக்குப் பிரதி கேட்டு வந்தவரும் திருப்பி அனுப்பப்பட்டது இந்த அச்சத்தால்தான் என்று கருதுகிறேன்.

2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை உடைத்தது. அதுவரை நூற்றுக்கணக்கில் விலை சொன்ன நல்ல தட்டு, சந்தைக்கு வந்தவர் காய்கறியோடு வாங்கிப்போகும் பொருளாகிவிட்டது. டிவிடி கிராமத்துக்குள் நுழைந்த காலம் இதுதான். தாண்ட முடியாத விளம்பரமும் கூடவே நுழைந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு டிவிடியைக் கணினியில் திறந்தால் மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். விஓபி என்பதில் படமும் ஒலியும். ஒரு கோப்பு 1 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் படம் பல துண்டாக இருக்கும். ஐஎஃப்ஓ என்பதில் எது முதலில் ஓட வேண்டும், அடுத்தது எது, எந்தப் பொத்தான் எங்கே செல்லும் என்ற கட்டளைகள். மூன்றாவது பியூபி, அது ஐஎஃப்ஓ கோப்பின் காப்புப் பிரதி. கீறல் விழும், கட்டளை படிக்க முடியாமல் போகும் என்று அறிந்தே வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு தட்டிலும் அதை வைத்தார்கள். தட்டு பழுதாகும் பொருள் என்பதைத் தட்டே ஒப்புக்கொள்கிறது.

அந்த ஐஎஃப்ஓ கட்டளைகளுக்கு நடுவே, ஒவ்வொரு பகுதிக்கும் எந்தெந்தப் பொத்தான் செல்லாது என்று குறிக்கும் சிறு அடையாளங்கள் உண்டு. பயனர் செயல் தடை என்று அவற்றைச் சொல்லலாம். தாண்டுதல், வேகமாக ஓட்டுதல், மெனுவுக்குப் போதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். அது 1 என்றால் பிளேயர் கை அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பதிப்புரிமை எச்சரிக்கையை யாரும் தாண்டாதிருக்கவும், மெனு குழம்பாதிருக்கவும் பயன்பட்ட ஏற்பாடு இது. அதே பிட்டை விளம்பரத்தின் மேலும் வைக்க யாரும் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எச்சரிக்கைக்குப் பின்னால் முன்னோட்டம் வந்தது, முன்னோட்டத்துக்குப் பின்னால் ஜவுளிக்கடை வந்தது. காசு கொடுத்து நல்ல தட்டு வாங்கியவர்தான் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்.

இதோடு பலரும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, சிஎஸ்எஸ் என்ற பூட்டு. 40 பிட் நீளச் சாவி கொண்டு படத்தின் தரவையே கலைத்து வைக்கும் முறை அது. உரிமம் பெற்ற பிளேயருக்குள் சாவி இருக்கும். டிவிடிக்கு அந்தப் பூட்டு கட்டாயம் இல்லை. வெளியிடுபவர் விரும்பினால் போடலாம், போடாமலும் விடலாம். 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் வெளியாகி அந்தப் பூட்டைத் திறந்துகாட்டியது. அதில் பங்குபெற்ற நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். தான் வாங்கிய தட்டைத் தன் கணினியில் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று ஓஸ்லோ நீதிமன்றம் 2003 சனவரியில் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அவரே வென்றார்.

தடை பிட் வேறு, சிஎஸ்எஸ் வேறு என்பது சட்டத்துக்கு முக்கியம். சிஎஸ்எஸ் பிரதி எடுப்பதைத் தடுக்க வந்தது. பிரதி எடுக்கும் உரிமை பதிப்புரிமையாளருடையது. விளம்பரத்தை முழுக்கப் பார்க்கவைப்பது எந்தச் சட்டத்திலும் யாருடைய பதிப்புரிமையும் இல்லை. எனவே அந்த பிட்டை மதிக்காத மென்பொருளால் படத்தை ஓட்டுவதை உரிமை மீறல் என்று சொல்ல எனக்கு எந்த அடிப்படையும் தெரியவில்லை.

இனி நம் சட்டம். 1994 திருத்தம் கணினி நிரலுக்கு ஒரு சலுகை தந்தது: முறையாக வாங்கியவர், இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ளக் காப்புப் பிரதி எடுக்கலாம். திரைப்படத்துக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. தனிப்பட்ட பயனுக்காக நியாயமாகக் கையாளலாம் என்ற 52(1)(அ) பிரிவும் அன்று இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்புகளோடு நின்றது. திரைப்படமும் ஒலிப்பதிவும் பட்டியலில் இல்லை. ஆக, டிவிடி கிராமத்துக்கு வந்த காலத்தில், சொந்தத் தட்டுக்கு வீட்டில் பிரதி எடுத்தவருக்கு இந்தப் பிரிவு கைகொடுத்திருக்காது.

2012 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றி, ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. கணினி நிரல் தவிர்த்த எந்தப் படைப்பையும் தனிப்பட்ட அல்லது சொந்தப் பயனுக்காக நியாயமாகக் கையாளலாம் என்றாகியது. திரைப்படம் அப்போதுதான் உள்ளே வந்தது. எல்லாச் செய்தித்தாள்களும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைப் பங்கைப் பற்றி எழுதிய நாட்கள் அவை. வீட்டு அலமாரிக்குக் கிடைத்த இந்த இடம் பேச்சில்லாமல் கடந்துபோயிற்று.

அதே திருத்தம் 65ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். ஆனால் அதன் நடுவில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்தால் இப்பிரிவு தடுக்காது என்றும் அடுத்த உட்பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே பூட்டைத் திறப்பதே தவறு. வாங்கிய தட்டைக் கணினியில் சேமித்துத் தரும் ரியல்டிவிடி மென்பொருளை 2009 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தக் காரணத்தால் நிறுத்தியது. பிரிட்டனில் 2014 அக்டோபர் 1 முதல் சொந்தப் பிரதிக்கு அனுமதி வந்து, அடுத்த ஜூலையிலேயே உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. லண்டனில் தமிழ்ப் பட டிவிடி வாங்கி வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த உரிமை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பேளுக்குறிச்சியில் இருப்பவருக்கு இவர்களைவிட அதிக இடம் இருக்கிறது.

எல்லைகளும் உண்டு. வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிய தட்டைப் பிரதி எடுப்பதைச் சொந்தத் தட்டின் காப்போடு ஒன்றாக வைக்க முடியாது. மூலத்தை விற்றுவிட்டுப் பிரதியை வைத்துக்கொள்வதும், பிரதியை அக்கம்பக்கம் பென்டிரைவில் ஏற்றித் தருவதும் நியாயமான கையாளலில் சேராது. 65பி பிரிவு, படைப்பின் உரிமை விவரத்தை அனுமதியின்றி நீக்குவதைக் குற்றமாக்குகிறது. அதனால் பிரதி எடுக்கும்போது நகைக்கடையை வெட்டலாம். தணிக்கைச் சான்றிதழையும் தயாரிப்பாளர், உரிமையாளர் பெயர்களையும் விட்டுவைப்பதே சரி. பெரும்பாலான டிவிடிகளில் விளம்பரம் தனித் தலைப்பாக இருப்பதால் இது கடினமான வேலையும் இல்லை.

அவசரமும் இருக்கிறது. விசிடியில் தரவு மேல்பக்கத்து அச்சுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில் இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தைத் துணியால் துடைத்துப் பத்திரப்படுத்துபவர்கள் படம் அச்சிட்ட பக்கத்தைக் கவனிப்பதில்லை. அங்கே விழும் கீறல்தான் தரவையே பிய்த்துக்கொண்டு போகும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர்த் தகடு இரண்டை ஒட்டி நடுவில் தரவை வைத்திருக்கிறார்கள்; ஒட்டு விட்டால் ஈரம் நுழையும். கடையில் எழுதித் தந்த தட்டு இன்னும் மோசம். அதன் சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் தாங்காது. பிரதியை அதில் மட்டும் வைத்தால் போதாது, ஹார்டு டிஸ்க்கிலும் ஒன்று வேண்டும். தட்டு அச்சடித்த மோசர் பேயரே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது.

படம் எங்கே பிழைக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கொண்டாடப்படும் 1931இன் 'காளிதாஸ்' இன்று இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 1933இன் மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா' இருக்கிறது. பதிப்புரிமை வழக்கில் மாட்டிய அதன் பிரதி, அது தழுவிய நாவலின் பதிப்பகத்திடம் கிடந்து, 1974இல் தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. சின்னப் படங்கள் பலவற்றுக்கு வீட்டு அலமாரியும் ஒரு காப்பகமாக ஆகக்கூடும். சேரன் 2015 மார்ச்சில் திரையரங்குக்குக் காத்திராமல் தட்டாகவே வீடுகளுக்கு அனுப்பிய 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' போன்றவற்றை நினைத்துச் சொல்கிறேன்.

கணினி இல்லாத வீட்டுக்கு யார் இதைச் செய்து தருவது என்பது மீதிக் கேள்வி. 65ஏ அதற்கும் பதில் வைத்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, அடையாளம் காணத் தேவையான விவரம், எந்த நோக்கத்துக்காக என்பது ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். அந்தப் பதிவேடு ஒரு நாற்பது பக்க நோட்டில் அடங்கும். சந்தை ரோட்டில் ஜெராக்ஸ் மெஷினும் கணினியும் வைத்திருக்கும் கடைக்காரர் அந்த நோட்டைத் திறந்து, தட்டைக் கொண்டுவந்தவரின் கையெழுத்தை வாங்கி, வேலைக்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு, தன் கணினியில் எதையும் நிறுத்திக்கொள்ளாமல், தட்டையும் பிரதியையும் சேர்த்தே அவரிடம் திருப்பிக் கொடுக்கட்டும். வரும் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்க வேண்டியது, தட்டு சொந்தத் தட்டுதானா என்பதுதான்.