மலையகத்து அடுப்படிச் சுவர்

கண்டிக்குத் தெற்கே, தெல்தோட்டைப் பகுதியில், லூல்கந்துர என்னும் தோட்டம் இருக்கின்றது. இலங்கையில் வாணிகத்துக்கென்று தேயிலை முதன்முதல் பயிரிடப்பெற்ற இடம் அதுவே. 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டார். அவர் குடியிருந்த மரக்குடில் இப்பொழுது இல்லை. கூரை போயிற்று, மரச்சுவர் போயிற்று. ஆயினும், குளிர்காய்வதற்கென்று அக்குடிலில் கட்டிய கணப்பும் அதன் புகைபோக்கியும் மட்டும் இன்றும் நிற்கின்றன. அவை கல்லாற் கட்டப்பட்டவை. அதே மலையில் அதே காலத்தில் காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்ட தமிழ்த் தொழிலாளரின் அடுப்பு ஒன்றேனும் எஞ்சவில்லை. எஞ்சி நிற்கத்தக்க பொருளால் அவை ஆக்கப்படவும் இல்லை.

அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் வீட்டின் மற்றைச் சுவர்களைப் போன்றதன்று. புகை முதலில் அதில்தான் படிகின்றது. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயும், உலை பொங்கி வழியும் கஞ்சியும், பாத்திரம் கழுவும் நீரும் அதனையே நனைக்கின்றன. ஆகவே, சமைத்து உண்ணும் மக்கள் எவராயினும் கைக்கு வசதி வந்தவுடன் அந்தச் சுவருக்கு ஒரு காப்புத் தேடுவது இயல்பு. ஒல்லாந்தர் தங்கள் நாட்டில் அடுப்பைச் சுற்றியும் அடுக்களைச் சுவரிலும் நீலச் சித்திரம் எழுதிய டெல்வ்ற் ஓடுகளைப் பதித்தனர். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் கரி போய்விடும் என்பதே அதன் பயன். அழகு அதற்கு அடுத்தது. செட்டிநாட்டு வீடுகளில் கடல் கடந்து வந்த மெருகோடுகள் சுவரேறின. இன்று கொழும்பிலும் கண்டியிலும் புதிதாக வீடு கட்டுவோர், அடுக்களையிலும் குளியலறையிலும் கற்பலகையோ டைல்ஸ் என்று கடைவீதியில் வழங்கும் மெருகோடோ பதிக்க வேண்டும் என்று முதற் பேச்சிலேயே கொத்தனாரிடம் சொல்லிவிடுகின்றனர்.

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளின் தோட்டங்களில் இந்த விருப்பம் நூறாண்டுக்கு மேல் நிறைவேறாமற் போயிற்று. அதற்குக் காரணம் யாது? கல் இல்லாமை என்று எவரும் கூற இயலாது. மலைநாடு முழுவதுமே கல்லின்மேல் அமர்ந்திருக்கின்றது. அங்கே மிகுதியாகக் காணப்படும் பாறைவகைகளுள் ஒன்றுக்குச் சார்னொக்கைற் என்று பெயர். கல்கத்தாவில் அடக்கமான யோப் சார்னொக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லைக் கொண்டு புவியியலறிஞர் இட்ட பெயர் அது. அக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது; பல்லாவரத்துக் குன்றுகளில் அதே இனக் கல்லை இன்றும் காணலாம். தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தொழிலாளர், தங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்லின் உடன்பிறப்பையே இம்மலைகளிலும் கண்டனர்.

அக்கல்லை உடைத்தவர்களும் அவர்களே. பாதைக்கு மதிலெழுப்பவும், நீர்க்கான் கட்டவும், மண் சரியாமல் மலைச்சரிவில் கல்லடுக்கு நிறுத்தவும் அவர்களின் கையே உழைத்தது. 1884-இல் அட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப்பாதைக்காகப் பாறையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தொழிலாளர். டிக்கோயாவில் 1878-ஆம் ஆண்டில் தோட்டத்துரைமார் எழுப்பிய வார்லி தேவாலயத்தின் கற்சுவர் இன்றும் அசையாமல் நிற்கின்றது. ஆகவே, கல்லும் இருந்தது, கல்வேலை அறிந்த கையும் இருந்தது.

இல்லாதிருந்தது எது என்று அறிய லயத்துக்குள் நுழைதல் வேண்டும். ஆங்கிலத்தில் வரிசை என்று பொருள்படும் லைன் என்னும் சொல்லே லயன், லயம் என்று திரிந்து வழங்கலாயிற்று. குதிரை கட்டும் கொட்டிலுக்குத் தமிழில் லாயம் என்ற பெயர் உண்டு. இவ்விரு சொற்களின் ஒலி ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் லயத்தைக் கண்டவர்க்கு அது தற்செயலாகத் தோன்றுவதில்லை. நீண்ட ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பெரும்பாலும் ஒரு காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயத்தில் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் சுவரும் ஆதலால், அங்கே சாளரம் வைக்கவும் இடமில்லை. காம்பரா என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர்களின் ஓடு மட்டும் இஸ்தோப்புக்கு வந்து சேரவில்லை.

இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். பருவம் முடிந்ததும் அவர்களுட் பலர் ஊர் திரும்பினர். சில மாதத் தங்கலுக்கு ஒரு கூரை போதும் என்று துரைமார் கருதினர். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. பயிர் மாறியது, வாழ்க்கை மாறியது, காம்பரா மட்டும் மாறவில்லை. ஒரு பருவத்துக்கென்று அளந்த அறையில் நான்கு தலைமுறைகள் பிறந்தன. மலையகத்து வீட்டு வரலாற்றின் மூலப்பிழை இதுவே எனலாம்.

காம்பராவில் அடுக்களை என்று தனியே ஒன்று இல்லை. சிலர் உள்ளே ஒரு மூலையிலும், சிலர் இஸ்தோப்பின் ஒரு பக்கத்திலும் மூன்று கல் வைத்தனர். சாக்கையும் தகரத்தையும் பலகைத் துண்டுகளையும் கொண்டு இஸ்தோப்பை அடைத்து, அதனையே குசினி ஆக்கினர். விறகு பெரும்பாலும் கவ்வாத்து மிலாறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் அந்தக் குச்சிகளைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவர். ஈரமிலாறு எரிவதினும் புகைவதே மிகுதி. கூரையில் புகைபோக்கி இல்லாததால், புகை தகரத்தின் இடுக்குவழியே வெளியேற வேண்டும். அல்லது உள்ளேயே சுற்ற வேண்டும். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர், அது மண்ணாயினும் கல்லாயினும், சில மாதங்களில் கருந்தார் பூசியதுபோல் ஆகிவிடும். தோட்ட நிருவாகம் காலத்துக்குக் காலம் அடிக்கும் சுண்ணாம்பு அந்தக் கரியின்மேல் மஞ்சளாகி உதிரும். பெண்கள் தாங்களே மண் குழைத்துப் பூசி, சாணமிட்டு மெழுகி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தச் சுவரைச் சுவராகத் தோன்றச் செய்வர்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாவிடின் செய்தி முழுமை பெறாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்தது; மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. அவ்வூர்க் குளிரில் அடுப்பு சமைப்பதற்கு மட்டும் உரியதன்று. மழையில் நனைந்த கம்பளி காய்வதும், முதியோர் கைகால் காய்ச்சுவதும், குழந்தைகள் உறங்குவதும் அதன் அருகிலேயே. துரையின் பங்களாவில் கணப்புக்கு ஓர் அறையும் சமையலுக்கு வேறோர் அறையும் இருந்தன. லயத்தில் இரண்டும் ஒரே நெருப்பு. புகையைத் துரத்தினால் சூடும் போய்விடும். எனவேதான், பிற்காலத்தில் அடுப்பை வெளியே கொண்டுசெல்லும் திட்டங்கள் வந்தபோது, வயது முதிர்ந்தோர் சிலர் தயங்கினர் என்றால் அதனை அறியாமை என்று தள்ளுவது பொருந்தாது.

புகையைச் சுவாசித்தவர்களுள் முதல்வர் பெண்களே. விடியுமுன் எழுந்து, தேநீர் வைத்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் மீண்டும் அதே அடுப்பு. மூடிய அறையில் விறகுப்புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும் என்பதை இன்று மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கின்றது.

சட்டம் லயத்தை எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1912-ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும் தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் பிறந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டிய கடமை தோட்டத்தின்மேல் விழுந்தது. தகரக் கூரையும் சுண்ணாம்பும் நீர்க்கானும் ஓரளவு சீர்பெற்றன. ஆனால் அச்சட்டங்களின் நோக்கம் உழைக்கும் உடல் நோயுறாமல் இருத்தல். குடும்பம் ஒன்று தன் வீட்டைத் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்வது அதன் எல்லைக்குள் வரவில்லை.

இங்கேதான் கேள்வி கல்லைவிட்டுச் சுவருக்குத் திரும்புகின்றது: அந்தச் சுவர் யாருடையது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை குடியிருப்பு. வேலை போனால் காம்பராவும் போகும். பற்றுச்சீட்டுக் கிழிந்த அன்றே சட்டிபானையோடு வெளியேற வேண்டிய ஒருவன், சுவரில் கல் பதிப்பானா? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த நிலையின்மையை மேலும் ஆழமாக்கிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் இரு அரசுகளும் உடன்பட்டன. அந்த 1,50,000 பேரும் 1974-இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் பெயர் எழுதப்பட்ட வீடுகளில் சுவரைப் பற்றிய நினைப்புக்கு இடம் ஏது? அவ்வீட்டில் உரிமையோடு சொந்தம் என்று சொல்லத்தக்க கல் இரண்டே: அம்மியும் ஆட்டுக்கல்லும்.

1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975-ஆம் ஆண்டில் அதற்கு வந்த திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992-இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. முதலாளி மாறினும், சுவரின் உரிமை தொழிலாளியை வந்து சேரவில்லை. குடியுரிமைச் சிக்கலையோ 1988-ஆம், 2003-ஆம் ஆண்டுச் சட்டங்களே பெரும்பாலும் தீர்த்தன.

வீட்டின் உருவம் 1990-களில் மாறத் தொடங்கியது. ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் கருத்து நிலைபெற்றது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. பின்னர் இந்திய அரசின் நன்கொடையில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வீடு 550 சதுர அடி: இரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு மலசலகூடம், ஓர் அடுக்களை. வீட்டுப் படத்தில் அடுக்களை என்று தனியே எழுதப்பட்ட சதுரம் தோட்டத் தொழிலாளியின் பெயருக்கு வந்தது அற்பச் செய்தியன்று. 2018-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிரதேசத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையையும் தோற்றுவித்தது.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைவீதிகளின் கட்டடப்பொருட் கடைகளில் இப்போது மெருகோட்டுப் பெட்டிகள் அடுக்கியிருப்பதன் பின்னணி இதுவே. கொழும்பில் கடைவேலை செய்யும் மகனும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் மகளும் அனுப்பும் பணம் அடுக்களைச் சுவருக்கு வருகின்றது. அடுப்புக்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கு மட்டும் பதிப்போர் உண்டு. கூரைவரை ஏற்றுவோர் சிலர். மேடைக்கு இந்தியாவில் அறுத்து இறக்குமதி செய்த கற்பலகை வேண்டுவோரும் உண்டு. வாசலுக்கு எதிரே கருங்கல் மலை நிற்க, கல் கொழும்புத் துறைமுகத்தின் வழியாக வருகின்றது! 2020-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மெருகோட்டு இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விலை ஏறி, பாதி பதித்த சுவர்கள் அப்படியே நின்றன. வாங்குவோரின் தேவையை ஆடம்பரம் என்று முகஞ்சுளிப்பாரும் இருக்கின்றனர். நாட்சம்பளத்தில் வாழ்வோர்க்கு இது எதற்கு என்று அவர்கள் வினவுவர். கரிச்சுவரை ஆண்டுதோறும் சுரண்டி மெழுகியவர் அவ்வினாவை எழுப்பமாட்டார்.

நீரின் கதையும் இதனோடு சேர்ந்ததே. லயத்து மக்கள் குளித்தது பீலிக்கரையில். மலையூற்றைக் குழாய்வழியே கொணர்ந்து விழவிட்ட இடம் அது. துணி துவைக்க ஒரு கல், நிற்க ஒரு கல், சுற்றிலும் மறைப்பில்லை. பெண்கள் பாவாடையை மார்பளவு உயர்த்திக் கட்டி, பனிக்காற்றில், வழியே போவோர் காண நீராட வேண்டும். நான்கு சுவருக்குள் குளித்தல் என்பதை அவர்கள் வேண்டியதற்கு முதற்காரணம் மானம். ஆயினும் 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்ட எல்லைக்குள் பாதையோ நீரோ அமைக்கச் சபைகள் தம் நிதியைச் செலவிடத் தடை இருந்தது. 2018-ஆம் ஆண்டின் திருத்தமே அதனை நீக்கியது. இன்று வசதியுள்ளோர் குளியலறைச் சுவரில் இடுப்பளவு மெருகோடு பதிக்கின்றனர். பீலிக்கரைகளும் பல இடங்களில் மறையவில்லை.

இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. புது வீடு பெற்றோர் பலரும் உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. கல் பதித்த அடுக்களைகளிலோ 2022-ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாடு ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. சிலிண்டர் கிடைக்காத மாதங்களில் மலையகத்துப் பெண்கள் வீட்டின் பின்புறம் தகரச் சாய்ப்பு இறக்கி, மூன்று கல் கூட்டி, மிலாறு எரித்தனர். எரிவாயு பின்னர் கடைக்கு வந்தது. ஏறிய விலை காரணமாகப் பலர் அந்தச் சாய்ப்பைப் பிரிக்கவில்லை. சோறும் வெந்நீரும் அங்கே. தேநீரும் விருந்தினர்க்கான சமையலும் மெருகோடு பதித்த சுவரின் முன்னே.