மலையகத் தோட்டங்களில் உடல்நலத் தடைகளும் தனிமனித விருப்பமும்

உடலுக்குக் கேடு விளைவிப்பவை என அறியப்பட்ட மது, புகையிலை, பாக்குக் கலவை, மிகைச் சீனி முதலியவற்றின் விற்பனையையும் பயன்பாட்டையும் அரசு சட்டத்தாலோ வரியாலோ தடுப்பதும் மட்டுப்படுத்துவதும் உடல்நலத் தடை எனப்படும். வயது வந்த ஒருவர் எதை உண்பது, எதைக் குடிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை இத்தகைய தடை எவ்வளவு தூரம் குறுக்கலாம் என்னும் வினா பல நாடுகளிலும் எழுந்ததே. எனினும் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அவ்வினாவுக்குத் தனி வரலாறு உண்டு. அங்கு தடை விதித்தவர்களும் அதைத் தளர்த்தியவர்களும் தோட்டத் தொழிலாளரின் கருத்தை நெடுங்காலம் கேட்டதேயில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு சாராயக் குத்தகை முறையை நடத்தியது. ஒரு வட்டாரத்தில் சாராயத்தைச் சில்லறையாக விற்கும் ஏகபோக உரிமையை அரசு ஏலத்தில் விட, அதனை எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளை, அதாவது உரிமம் பெற்ற குடிக்கடைகளை, நடத்தினர். கண்டி மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகி, ஆள்சேர்ப்போரான கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது, தோட்டப் பகுதித் தவறணைகள் குத்தகைக்காரருக்கு நல்ல வருவாய் ஈட்டித் தந்தன. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன, அவ்வர்க்கத்தின் மூலதனத் திரட்சியில் சாராயக் குத்தகைக்கு இருந்த பெரும் பங்கை விரிவாகக் காட்டியுள்ளார். நாள் முழுதும் மழையில் நனைந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பிய தொழிலாளி தவறணைக்குள் நுழைந்ததை அவரது விருப்பம் என்று கூறலாம். ஆனால் அக்கடையை அவ்விடத்தில் வைத்தது அரசின் கருவூலத் தேவையும் குத்தகைக்காரரின் கணக்குமே ஆகும்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு வந்த சீர்திருத்தம், கள்ளையும் சாராயத்தையும் தனித்தனியே விற்க ஏற்பாடு செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டது. இதனால் 1904இல் தோன்றியிருந்த மதுவிலக்கு இயக்கம், எஃப். ஆர். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோரின் தலைமையில் நாடு தழுவிய கிளர்ச்சியாயிற்று. ஒரு தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பகுதி மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் உள்ளூர் வாக்கெடுப்பு முறை அக்காலக் கிளர்ச்சியின் பயனாக நடைமுறைக்கு வந்து, பல தவறணைகள் மூடப்பட வழி செய்தது. தடைக்கும் விருப்பத்துக்கும் இடையிலான வழக்கில் இதைவிட நேர்மையான வழி பிந்திய சட்டங்களில் காணப்படுவதில்லை. ஆயினும் அவ்வியக்கம் பௌத்த மறுமலர்ச்சியோடு பிணைந்திருந்ததாலும், தோட்டங்களை நடத்திய துரைமாரின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது கடினமாயிருந்ததாலும், லயங்களை அது ஆழமாகத் தொடவில்லை. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி மலையகத்துக்கும் சென்று, குடியைக் கைவிடுமாறு தொழிலாளரை வேண்டினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1937 அக்டோபர் முதல் நாள், தொழிலாளர் பலரின் பூர்வீக மாவட்டமான சேலத்தில் இராஜாஜியின் சென்னை மாகாண அரசு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதால், அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றவராகவே எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003இன் சட்டத்தால்தான் பெரிதும் தீர்ந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மதுவரி பற்றி இயற்றப்பட்ட விதிகள், அவ்வரியைத் தம் கூலியிலிருந்து செலுத்திய மக்களில் ஒரு பெரும் பகுதியினரின் வாக்கின்றியே பிறந்தவையாகும்.

அவற்றுள் 1979இன் மதுவரி அறிவித்தல் தனித்து நோக்கத்தக்கது. தவறணை வளாகத்தில் பெண்களுக்கு மது விற்பதை அது தடுத்ததுடன், மது விற்கும் இடங்களில் அவர்களைப் பணிக்கு அமர்த்துவதையும் கட்டுப்படுத்தியது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர இத்தடையை வர்த்தமானி மூலம் நீக்க, சில நாள்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பின்பேரில் அந்நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. குடிப்பவர் பிறர்க்கு இழைக்கும் தீங்கையன்றிக் குடிப்பவரின் பாலை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட விதி உடல்நலத்தின் பெயரால் நியாயம் பெற இயலாது. கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையர் பெண்கள். மதுவால் அவர்கள் படும் துன்பம் ஆண்களின் குடியினாலேயே மிகுதியும் நேர்கிறது. அத்துன்பத்தை இவ்வறிவித்தல் தொடவேயில்லை.

பிறர்க்கு இழைக்கும் தீங்கு என்னும் இவ்வளவுகோலை வகுத்த ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட நூலில், பிறர்க்குத் தீங்கு நேராதவரை ஒருவரின் செயலில் அரசு குறுக்கிடலாகாது என வாதிட்டு, அமெரிக்காவின் மேய்ன் மாநில மதுவிலக்கைக் கண்டித்தார். தோட்டச் சூழலில் இக்கோட்பாட்டைப் பொருத்துவது எளிதன்று; ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழும் லயத்தில், சம்பள நாளன்று குடிக்கப்படும் பணம் அடுப்புக்கு உரிய பணமே ஆகும்.

வெற்றிலையின் நிலை வேறு. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, செல்லும் பெண்ணின் சுருக்குப்பையில் வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை ஆகியன இருக்கும். இரு கைகளும் கொழுந்தில் ஓடிக்கொண்டிருக்கையில் கன்னத்தில் அடக்கிய அக்கலவை குளிரையும் பசியையும் மறக்கச் செய்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985இலும், புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் 2004இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என அறிவித்தது. இலங்கை ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் உள்ளது. பாக்கு மெல்வோரின் கன்னத்து உள்தசை நார்ப்பட்டு இறுகி, நாளடைவில் ஒரு கவளம் சோறு நுழையும் அளவுக்குக்கூட வாய் திறவாமற் போவதுண்டு.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை, மதுசார அதிகாரசபையை நிறுவி, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுவும் புகையிலையும் விற்பதையும் அவற்றின் விளம்பரத்தையும் தடுத்தது. அச்சட்டத்தின் கீழ் 2016 செப்டம்பரில் வந்த ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலைப் பொருள்களைத் தடை செய்தன. உறையில் அடைத்து விற்கும் பொருளைக் கடையில் கைப்பற்றுவது எளிது. சந்தைப் பெட்டிக்கடையில் கையால் மடித்துத் தரும் வெற்றிலைச் சுருளைக் கண்காணிப்பது அரிது. சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படங்களை இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றத்தில் எதிர்த்தபோதும், 2015இன் திருத்தச் சட்டம் அவற்றின் பரப்பை 80 விழுக்காடாக உயர்த்தியது. குளிர்பானச் சீனிக்கு 2016இல் நிறக்குறியீடும் 2017இன் இறுதியில் வரியும் வந்தன. போத்தல் பானம் அரிதாகவே புழங்கும் தோட்டத்து அடுப்பங்கரைகளில் இவற்றின் தாக்கம் சிறிதே.

வரியேற்றம் சாராயத்தின் விலையை உயர்த்தும்போது, ஒரு பகுதியினர் சட்டவிரோதமாக வடிக்கப்படும் கசிப்பை நாடுகின்றனர். விற்பனையைக் குறைக்க வேண்டிய அரசே மதுவரியை நம்பியிருப்பது குத்தகைக் காலம் தொட்டு மாறாத முரண்பாடாகும். 2024இல் நாடெங்கும் நூற்றுக்கணக்கான புதிய மதுக்கடை உரிமங்கள் வழங்கப்பட்டமை அவ்வாண்டின் இறுதியில் பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தப்பட்டது. தம் குடியிருப்புக்கருகே கடை திறக்கப்படுவதை எதிர்த்து மலையகப் பெண்கள் வீதிக்கு இறங்குவதும் தொடர்கிறது.