கட்டுமானத் தொழிலாளர் கூலிப் பாதுகாப்பு (ஈரோடு வட்டாரம்)

வேலை வாங்கியவரே கூலிக்குப் பொறுப்பு என்பதை நிலைநாட்டக் கட்டுமானத் தொழிலாளர் நடத்திவரும் முயற்சி. ஈரோடு, பவானி, பெருந்துறைப் பகுதிகளில் கொத்தனார், பெரியாள், சித்தாள், கம்பி கட்டுவோர் எனப் பலரும் மேஸ்திரி வழியாகவே வேலைக்கு வருகின்றனர். வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் பேசி முடிப்பார்; மேஸ்திரி சனிக்கிழமை வாரக்கூலி தருவார். பணம் நின்றால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவர். வெறுங்கையோடு வீடு திரும்புபவர் சித்தாள்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கட்டட வேலையையும் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது.

இவ்வரலாற்றின் செறிவான காலம் 1979 முதல் 1996 வரை. 1979இல் தமிழ் மாநிலக் கட்டிடத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நேரடியாக வந்தவரையும் இடையாள் மூலம் வந்தவரையும் அது ஒன்றாகவே கொண்டது. அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தனிக் கவனத்துக்குரியது. அன்றைய குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் எனப்பட்ட இடையாள் எடுத்துக்கொள்ள, தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றார் நீதிபதி பி. என். பகவதி. அந்த ஒற்றை ரூபாய்க்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கணக்குக் கேட்டது.

1985இல் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் மத்தியச் சட்டம் கோரும் இயக்கம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, தான் அமர்த்திய தொழிலாளரின் கூலிக்கு வேலையளிப்பவரே பொறுப்பு என்றது. ஆனால் பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத செலவில் சொந்த வீடு கட்டுபவரை அது வேலையளிப்பவராகக் கொள்ளவில்லை.

மேஸ்திரி தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. மேற்பார்வைப் பணியில் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் பெறுபவரை 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வரையறைக்கு வெளியே வைத்தது. கரணை பிடித்து உடன் நின்று சுவர் எழுப்பும் மேஸ்திரிக்கு இது பொருந்துமா என்பது ஒவ்வொருவரின் வேலைநிலையைப் பொறுத்தது எனலாம்.

2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் ஆள் எண்ணிக்கை வரம்பு 20இலிருந்து 50ஆக உயர்ந்தது. தனி வீடுகள் பெரும்பாலும் முன்பே அதற்கு வெளியில்தான் இருந்தன; இப்போது நடுத்தர அடுக்குமாடி வேலைகள் பலவும் வெளியேறுகின்றன.