சொல்லாமல் விட்டதும் சொல்ல விடாததும்

சொல்லாமல் விடுவதில்தான் கலை இருக்கிறது என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு விதியாகிவிட்டது. வெளிப்படையாக வருவது கோஷம், மறைந்து நிற்பது அனுபவம் என்று நானும் பல வருஷங்களாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறேன். உள்ளுறையும் இறைச்சியும் தொல்காப்பியத்திலேயே இருப்பதால் இந்த நம்பிக்கைக்கு மரபின் ஆதரவும் உண்டு. அதைச் சற்று அசைத்தது, இலக்கியம் என்று நம்மில் யாரும் ஏற்றுக்கொள்ளாத ஓர் இடம்: அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ். அங்கே தன்பாலீர்ப்புள்ள ஒரு ஆண் பாத்திரம் தன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல 13 வருஷங்கள் பிடித்தன. அந்த வாக்கியத்தின் சரித்திரம் நம் விமர்சனத்துக்கும் சம்பந்தப்பட்டது என்று எனக்குப் படுகிறது.

தொடக்கம் 1954. பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று வாதிட்டு அந்த வருஷம் ஒரு புத்தகம் வெளியிட்டார். பேட்மேனும் ராபினும் சேர்ந்து வாழும் வாழ்க்கை, தன்பாலீர்ப்புள்ள இருவரின் ஆசைக் கனவு போல் இருக்கிறது என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. வெர்தாமைக் கலாசாரப் போலீஸ்காரர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், வேறு இடங்களில் கதவு திறக்காத கறுப்பின மக்களுக்காக 1946-ல் மனநல சிகிச்சை நிலையம் தொடங்கியவர் அவர். நல்ல மனுஷர், அதனாலேயே விஷயம் சிக்கலாகிறது. அவருடைய காகிதங்களை ஆராய்ந்த கேரல் டில்லி, சிகிச்சைக்கு வந்த இளைஞர்களின் பேச்சை அவர் வெட்டியும் ஒட்டியும் பயன்படுத்தியதை 2012-ல் எடுத்துக்காட்டினார். பேட்மேன் பற்றிய பகுதியில் இரண்டு இளைஞர்கள் சொன்னது ஒருவர் சொன்னதாகிவிட்டது. டார்ஜானும் சப்மரினரும் தங்களை அதிகம் கவர்ந்ததாக அவர்கள் சொன்னது காணாமல் போயிருக்கிறது. ஆக, இந்தச் சரித்திரத்தில் முதலில் வெட்டுப்பட்டது கற்பனைப் பாத்திரத்தின் பேச்சல்ல. தன்பாலீர்ப்புள்ள நிஜமான இளைஞர்களின் பேச்சு.

அதே வருஷம் செனட் துணைக்குழு ஒன்று விசாரணை நடத்தியது. அரசாங்கம் தலையிட்டுவிடும் என்ற பயத்தில் பதிப்பாளர்கள் தாங்களே கூடி ஒரு நெறிமுறை எழுதிக்கொண்டார்கள். அட்டை மூலையில் அதன் முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள். தன்பாலீர்ப்பையும் வக்கிரம் என்ற சொல்லுக்குள் அடக்கிய விதி ஒன்று அதில் இருந்தது. அதைக் காட்டுவதோடு, குறிப்பால் உணர்த்துவதையும் அந்த விதி தடை செய்தது. இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். குறிப்பின் வலிமை தணிக்கைக்காரனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது! 1956-ல் பேட்மேன் மேல் ஆசை கொண்ட பேட்வுமன் வந்து சேர்ந்தாள். வெர்தாமுக்குப் பதிலாக வந்தவள் அவள் என்று பலரும் கருதுகிறார்கள்.

1979-ல் மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் இதழில், கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த நார்த்ஸ்டார் என்ற பாத்திரம் அறிமுகமாகிறது. பனிச்சறுக்கு வீரன், கர்வி, இரட்டையரில் ஒருவன். 1983 முதல் ஆல்ஃபா ஃப்ளைட் என்ற தொடரில் அவன் நிரந்தரமாக வருகிறான். அவன் தன்பாலீர்ப்புள்ளவன் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்திருந்ததாகவும், அதை வெளிப்படையாகச் சொல்ல இடமில்லை என்றும் அவனை உருவாக்கிய ஜான் பைர்ன் பிற்பாடு கூறியிருக்கிறார். அதனால் அவர் குறிப்பில் எழுதினார். கவனித்துப் படித்தவர்களுக்குப் புரிந்தது. இங்கே மட்டும் நிறுத்தினால், இதை நுட்பமான எழுத்து என்று நான் பாராட்டியிருப்பேன்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். பைர்னுக்குப் பின் வந்த எழுத்தாளர் பில் மாண்ட்லோவின் கதையில் நார்த்ஸ்டார் இருமி நலிகிறான். அது எய்ட்ஸ் என்பதே உத்தேசம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1987-ல் வந்த விளக்கம் வேறு. அவன் பாதி மனிதன், பாதி தேவதை இனம். மனித உலகில் இருப்பதே அவன் வியாதி! ஆங்கிலத்தில் அந்த இனத்தைக் குறிக்கும் ஃபேரி என்ற சொல், இத்தகைய ஆண்களை ஏசும் சொல்லும்கூட. குறிப்பு தன் கட்டுப்பாட்டை இழந்தால் வசையாகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

போட்டி நிறுவனமான டிசி 1988-ல் காட்டிய எக்ஸ்ட்ரான்யோ இதன் மறுபக்கம். பெரு நாட்டு மந்திரவாதி. பெயருக்கு ஸ்பானிய மொழியில் விநோதமானவன் என்று அர்த்தம். அவன் இன்னான் என்ற சொல் வராது. உடையும் குழைவும் கைவீச்சும் மட்டும் வரும். வாய்க்குத் தடை இருந்தால் உடம்பு கேலிச்சித்திரமாகத்தான் பேசும்.

இதே காலத்தில் சொல்லுக்குத் தடையில்லாத இடமும் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1980-ல் ஹோவர்ட் க்ரூஸ் ஆசிரியராக இருந்து தொடங்கிய கே காமிக்ஸ், முத்திரைக்குக் காத்திராத ஒரு சிற்றிதழ். தன்பாலீர்ப்புள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வரைந்தார்கள். சிறகும் முகமூடியும் தேவைப்படவில்லை. அவர்களும் சொல்லாமல் விட்டார்கள். ஆனால் எதை விடுவது என்பது அவர்கள் முடிவு.

1989-ல் நெறிமுறை தளர்ந்தது. 1991-ல் ஃப்ளாஷ் இதழில் பைட் பைப்பர் என்ற பாத்திரம் பேச்சுவாக்கில் தன்னைப் பற்றிச் சொல்கிறான். 1992-ல் ஸ்காட் லாப்டெல் எழுதிய ஆல்ஃபா ஃப்ளைட் 106-ஆம் இதழில் நார்த்ஸ்டாரின் அந்த வாக்கியம் வருகிறது. கலை என்ற அளவில் அந்தக் கதையை என்னால் காப்பாற்ற முடியாது. குத்தும் உதையும் நடுவே பிரசங்கம்; பிரசங்கத்தின் நடுவே குத்தும் உதையும். எய்ட்ஸோடு பிறந்து கைவிடப்பட்ட குழந்தையை நார்த்ஸ்டார் கண்டெடுக்கிறான். ஊரே அதற்காக அழுகிறது. பழைய வீரர் ஒருவர் வெறிகொண்டு வருகிறார். அவருடைய மகனும் அதே நோயில் செத்தவன். தன்பாலீர்ப்புள்ளவன் என்பதால் அவனுக்காக யாரும் அழவில்லை. அவரோடு மோதும்போதுதான் நார்த்ஸ்டார் தான் யார் என்பதைக் கத்திச் சொல்கிறான். என் மகனுக்கு ஏன் அழவில்லை என்ற அந்தத் தகப்பனின் கேள்வி மட்டும் மோசமான வசனத்தையும் மீறி நிற்கிறது. அந்தக் கேள்வியைக் குறிப்பால் கேட்டிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. அழப்படாத சாவைச் சூசகமாகச் சொல்வது, அதை இன்னொரு முறை அழாமல் விடுவதாகும்.

சொல்லிவிட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 1994-ல் நார்த்ஸ்டார் பெயரிலேயே வந்த குறுந்தொடர் இந்த விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2011-ல் கடைசிப் பதிப்பாளர்களும் விலகி நெறிமுறை செத்தது. 2012-ல் நார்த்ஸ்டாருக்குக் கைல் என்ற ஆணோடு கல்யாணம் நடந்தது. ஆனால் 2013-ல், தன்பாலீர்ப்புள்ளவளாக 2006-ல் புதிதாகப் படைக்கப்பட்டிருந்த பேட்வுமனின் கல்யாணத்துக்கு டிசி அனுமதி மறுக்க, அதை எழுதிய இருவரும் வெளியேறினார்கள். முத்திரை இல்லாமலும் தணிக்கை நடக்கும். அனுமதியிலும் வியாபாரக் கணக்கு இருக்கும்.

நான் இதனால் கோஷத்தின் பக்கம் போய்விடவில்லை. 106-ஆம் இதழ் இன்றும் எனக்கு மோசமான கதைதான். ஆனால் மோசமான கதை ஒன்று நியாயமான காரியத்தைச் செய்துவிட்டபோது, நம் அளவுகோலில் அதற்கு இடமே இல்லை என்பது உறுத்துகிறது. அகப்பாட்டில் தோழி யானையைப் பற்றிப் பேசித் தலைவனுக்கு வேறொன்றை உணர்த்துகிறாள். நேராகச் சொல்லவும் அவளால் முடியும். அதனால்தான் அது கலை. இனி ஒரு மௌனத்தைப் பாராட்டுவதற்கு முன்னால், அதை எழுதியவன் தேர்ந்தெடுத்தானா, அவன் வாயில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்பேன். இதுவரை நான் பாராட்டிய மௌனங்களில் எத்தனை இரண்டாவது வகை என்பதை நினைக்க எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.