வீட்டுக் கணினிக்கு யார் காவல்? ஒரு நாற்பதாண்டுக் கதை



சென்ற மாதம் நம் கட்டடத்தில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே மூன்று ஆன்டிவைரஸ்கள் இருந்தன. ஒன்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. அதன் சந்தா முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்னொன்று ஹாங்காங்கிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் போட்டது. மூன்றாவது விண்டோஸுடன் கூடவே வந்தது. "மூணு இருந்தா இன்னும் நல்லதுதானே காக்கா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நல்லதில்லை என்று சொன்னேன். ஏன் என்று விளக்க, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இதே நிலை இருக்கலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

காவலுக்குக் காசு கொடுப்பது நம் கரைக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பற்றியும் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பெரிய மீன்கள் குளியாளிகளைத் தீண்டாதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாம். அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்கள். அந்தத் தொழில் செய்தவர்களைப் பிற்காலத்தில் கடல்கட்டி என்றார்கள். பிரிட்டிஷார் காலத்துச் சலாபங்களிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. கட்டு உண்மையில் வேலை செய்ததா என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. சுறா கடிக்காமல் விட்டால் கடல்கட்டிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆன்டிவைரஸ் வாங்கும்போது நம் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இந்தக் காவலைச் சோதிக்க வழி உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெர்சனல் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது 1986இல் லாகூரில் பிறந்த 'பிரெய்ன்'. கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் எழுதியது. தங்கள் மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் போட்டு, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்றும் எழுதி வைத்திருந்தார்கள். ஃப்ளாப்பி வழியாக அது உலகம் முழுக்கப் போனது. இன்றைய திருடர்கள் முகவரி கொடுப்பதில்லை.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மெக்காஃபி நிறுவனம் தொடங்கியது. நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1991இல் சென்னையில் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். அவருடைய தொழில்நுட்பம் பிறகு ஜப்பானுக்குப் போய், சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் பெயரில் அங்குள்ள வீடுகளில் ஓடியது. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் 1990களில் குவிக் ஹீலை உருவாக்கினார்கள். 2016இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

அந்தக் காலத்து ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்தது என்பது எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு எளிதில் புரியும். கவுன்டரில் காசோலை வந்தால், மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆன்டிவைரஸும் கையொப்பம்தான் பார்க்கிறது. ஒரே வித்தியாசம், நாங்கள் நல்லவர்களின் கையொப்பத்தை வைத்திருந்தோம். அது திருடர்களின் கையொப்பத்தை வைத்திருக்கிறது. புதிதாக வரும் திருடனின் கையொப்பம் அதனிடம் இருக்காது. ஆகவே பட்டியலைத் தினமும் புதுப்பிக்க வேண்டும். சந்தா முடிந்த ஆன்டிவைரஸுக்கு அந்தப் புதுப் பட்டியல் வருவதில்லை. மார்க்கோ போலோ சொன்ன இரவு நேரக் கடல் மாதிரி, கட்டு அவிழ்ந்த நிலைதான் அது. பட்டியலில் இல்லாதவர்களை நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் முறைகள் பிறகு வந்தன. இன்றைய ஆன்டிவைரஸ்கள் இரண்டையும் செய்கின்றன.

1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற தைவான் வைரஸ், ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியையும் சில கம்ப்யூட்டர்களில் பயாஸையும் அழித்தது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பலர் பாதிக்கப்பட்டார்கள். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல் கிளம்பியது. எழுதியவரைத் தண்டிக்க அந்த நாட்டில் அப்போது சட்டம் இல்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் கம்ப்யூட்டரில் வைரஸைப் புகுத்துவது குற்றம் என்று அதில் இருக்கிறது.

2003இல் பிளாஸ்டர் வந்தபோதுதான் இன்னொரு பாடம் தெரிந்தது. அதற்கு ஃப்ளாப்பியும் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். இணையத்தில் இணைந்திருந்தாலே உள்ளே வந்துவிடும். நம் ஊர்ப் பழைய வீடுகளுக்குத் தெருவாசல் ஒன்று, பெண்கள் போய்வர முடுக்கு வாசல் ஒன்று என்று இரண்டு உண்டு. தெருவாசலில் ஆளைப் போட்டுவிட்டு முடுக்கு வாசலைத் திறந்து வைத்த கதைதான் அது. அந்த வாசலை அடைக்கும் வேலை ஃபயர்வாலுடையது. எக்ஸ்பியில் ஃபயர்வால் முதலிலிருந்தே இருந்தாலும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2தான் அதைத் தானாகவே இயங்க வைத்தது.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் நானும் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. எரிச்சலில் இரண்டையுமே நிறுத்தி வைத்தேன். அந்த வாரம் ஒரு பென்டிரைவ் வழியாக வைரஸ் வந்தது. ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் வெறும் ஷார்ட்கட்கள் நின்றன. பழுது பார்க்க வந்த பையன் டிஸ்கை ஃபார்மட் செய்தான். மகளின் நிக்காஹ் படங்கள் அத்தோடு போயின. அந்த வகை வைரஸ் ஃபோல்டர்களை அழிப்பதில்லை, மறைத்து மட்டுமே வைக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஃபார்மட்தான் அழித்தது. ஒரு நகல் வேறெங்காவது வைத்திருந்தால் எதுவுமே போயிருக்காது.

இரண்டு ஆன்டிவைரஸ் ஏன் ஒத்துப்போவதில்லை? நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் கணத்தில் இடையே புகுந்து சோதிப்பதுதான் அதன் வேலை. இரண்டு இருந்தால் ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்கும். ஒன்று பிடித்து அடைத்து வைத்த வைரஸை மற்றது கண்டு கூச்சலிடும். ஒன்றின் கையொப்பப் பட்டியலையே மற்றது வைரஸ் என்று நினைக்கவும் கூடும். வங்கியில் ஒரு கவுன்டருக்கு ஒரு காஷியர்தான். ஆடிட்டர் எப்போதாவது வந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போவார். தினமும் அதே நாற்காலியில் உட்காரமாட்டார். அதுபோல, எப்போதும் விழித்திருக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றே ஒன்று. சந்தேகம் வந்தால் மட்டும் கையால் இயக்கிப் பார்க்கும் ஸ்கேனர் இன்னொன்று. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இப்படிப்பட்ட கருவிகளை இலவசமாகத் தருகிறது.

அந்த ஒன்று எது? 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற முழு ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அதுவும் அதன் ஃபயர்வாலும் போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்குவதானால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்கள் இணையத்தில் இலவசமாக வெளியிடும் முடிவுகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் முன்பு சொன்ன சோதனை இதுதான். கடல்கட்டிக்கு இல்லாத தேர்வு இவர்களுக்கு உண்டு. புதியதைப் போடும் முன் பழையதை முழுவதுமாக நீக்கிவிடுங்கள்.

எந்த ஆன்டிவைரஸும் தனியாகப் போதாது என்பதை 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை காட்டியது. கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டு கொடுத்திருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள். தள்ளிப் போட்டவர்கள் மாட்டினார்கள். இதை நான் இப்போது சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நம் கட்டடத்தில் இன்னும் பல வீடுகளில் அதுதான் ஓடுகிறது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை அந்தக் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறீர்கள், பென்ஷன் கணக்கையும் அதில்தான் திறக்கிறீர்கள் என்றால், நீட்டிப்புக்குப் பதியுங்கள். விண்டோஸ் 11 ஏற்குமா என்றும் பாருங்கள். இரண்டும் முடியாவிட்டால் வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

ஆக, வேண்டியவை ஐந்து. ஒரே ஒரு ஆன்டிவைரஸ். திறந்தே இருக்கும் ஃபயர்வால், அதாவது அணைக்காமல் விட்ட ஃபயர்வால். தள்ளிப் போடாத அப்டேட். மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வான்னாக்ரை போன்றது அதையும் பூட்டிவிடும். ஐந்தாவது, தினசரி உபயோகத்துக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரணக் கணக்கு.

இவை எல்லாம் இருந்தும் ஒரு வாசல் மிச்சம் இருக்கிறது. அது நாம்தான். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரையில் வந்து கத்துவதை நம்பி நாமே அழைத்து, நாமே ரிமோட் ஆப்பைப் போட்டு, நாமே ஓடிபியைச் சொன்னால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

அந்த வீட்டில் இப்போது ஒரே ஒரு ஆன்டிவைரஸ்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதாம். மகனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். உங்கள் வீட்டிலும் பார்க்க வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள், அஸருக்குப் பிறகு வருகிறேன்.