ஒன்பது வயதிலிருந்து அறுபதுக்கு

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்ப்பதற்காக ஒருமுறை ஜெயங்கொண்டம் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தாள். மடியில் ஐந்து வயதுப் பேரன். சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்கு. என்னைக் கண்டதும் வெகுநாள் பழகியவன்போலச் சிரித்தான். அவன் நெஞ்சில் சளி கரகரத்தது.

“மாசம் தவறாம ஆஸ்பத்திரிதான் தம்பி. இப்படிப் பொறந்த புள்ளை ரொம்ப நாள் தங்காதுன்னு ஊர்ல சொல்றாங்க” என்றாள்.

ஊர் சொல்வதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1866-ல் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் விவரமாக எழுதினார். ஆனால் முகச் சாயலை வைத்து அவர்களுக்கு மங்கோலிய இனத்தின் பெயரைச் சூட்டிவிட்டார். 1965-ல் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்கிணங்க உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது. மருத்துவரின் பெயரே நிலைத்தது.

காரணம் புலப்பட்டது 1959-ல். பாரிஸில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் துர்பான் ஆகியோரின் ஆராய்ச்சி, இரண்டு இருக்க வேண்டிய 21-வது குரோமோசோம் இவர்களிடம் மூன்றாக இருப்பதைக் காட்டியது.

அந்த ஓர் உபரிதான் சளிக்கும் வழி வகுக்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி இவர்களுக்குச் சிறுத்திருக்கிறது. அந்த அணுக்களும் குறைவு. தடுப்பூசிக்கு உடல் தரும் பதிலும் சற்று மந்தம். வேடிக்கை என்னவென்றால், கிருமி வந்ததை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளை ஏற்கும் மரபணுக்கள் சில, அதே 21-வது குரோமோசோமில்தான் இருக்கின்றன. ஆகவே காவற்காரர்கள் குறைவு. அபாயச் சங்கோ அளவுக்கு மீறி ஊதுகிறது. காவலே சில சமயம் வீட்டுக்காரனை அடித்துவிடுகிறது. தைராய்டுக் கோளாறு இவர்களிடம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1929-ல் இவர்களின் சராசரி ஆயுள் ஒன்பது வயது. பென்சிலின் முதலிய மருந்துகளும் இருதய அறுவைச் சிகிச்சையும் வந்தபின் 1983-ல் அது இருபத்தைந்து ஆயிற்று. இன்று, நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில், அறுபது. குரோமோசோம் மாறவில்லை, கவனிப்புத்தான் மாறியது. ஊர் சொல்வது பழைய கணக்கு.

நம் நாட்டிலும் 1984-ல் சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் இவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021-லிருந்து நாடெங்கும் அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகிறது.

“ஒரு ஊசியையும் விடாதீங்க, பாட்டி. இருதயத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்க. மூச்சு வாங்கினா விடியட்டும்னு காத்திருக்காதீங்க” என்றேன்.

“அப்போ இவன் பெரியாளாவானா தம்பி?”

“ஊர் பேச்சைக் கேட்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களே, அதை மட்டும் நிறுத்திடாதீங்க.”

பஸ் வந்தது. பையன் ஜன்னல் வழியாகக் கை அசைத்துக்கொண்டே போனான்.