பிரேக் திரவம்: பழைய மாருதி வேன்களில்

பிரேக் திரவம் என்பது, ஓட்டுநர் தம் பாதத்தால் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மெல்லிய உலோகக் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசேர்க்கும் நீர்மம். பட்டறைகளில் இதனைப் ‘பிரேக் ஆயில்’ என்றே சொல்லுகிறார்கள். வழக்கில் ஊன்றிவிட்ட அந்தப் பெயர் சில விபரீதங்களுக்கு வித்தாகவும் இருக்கிறது. ஏனெனில் இன்று பெரும்பாலான வண்டிகளில் உள்ளது எண்ணெயே அன்று, கிளைக்கால் ஈதர் என்னும் ரசாயனப் பதார்த்தம். ‘ஆயில்’ என்ற சொல்லை நம்பி, அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் திரவத் தொட்டியில் ஊற்றினால், கனிம எண்ணெயைத் தாங்க இயலாத ரப்பர் வாஷர்கள் உப்பிச் சிதைந்து, சில நாட்களுக்குள் பிரேக் முழுவதுமே பயனற்றுப் போகும்.

தென் தில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சரோஜினி நகருக்கும் அண்மையில், மத்திய சர்க்கார் ஊழியர்களின் குடியிருப்பாக விளங்கும் லக்ஷ்மிபாய் நகரில், தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இருப்பதை அங்குள்ள தமிழர் அறிவர். இத்தகைய குடியிருப்புகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கும், குடும்பத்தை ரயில் நிலையத்துக்கும், மாற்றலாகிப் போகிறவரின் சாமான்களைப் புது வீட்டுக்கும் சுமந்துவந்தது மாருதி வேன். 1984-இல் குர்கான் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கி, 1988-இல் ‘ஆம்னி’ என்று பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நின்றுபோன அந்த 796 சி.சி. எஞ்சின் வண்டியும், 2010-இல் வந்த ‘ஈகோ’வும்தாம் இந்நாட்டில் மினிவேன் என்ற சொல்லுக்குப் பொருளாய் நிற்பவை. தில்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு என்று வயது வரம்பு பேசப்படுகிறது. அது சட்டத்தின் கணக்கு. வண்டிக்கு எத்தனை வயதாயினும், அதனுள் ஓடும் பிரேக் திரவத்தின் ஆயுள் பொதுவாக இரண்டே ஆண்டுதான் என்பதைப் பழைய வேன் வைத்திருப்போர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

மூடிய பாத்திரத்திலுள்ள நீர்மத்தின்மீது ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே பிரேக் திரவத்தின் வேலைக்கு அஸ்திவாரம். 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் நீரழுத்த பிரேக்கோடு வெளிவந்தது. ஆரம்ப நாட்களின் பிரேக் திரவங்கள் பல, நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று வழங்கும் ஆமணக்கு எண்ணெயோடு ஆல்கஹால் கலந்தவை என்பது தமிழ் வாசகருக்குச் சுவையான செய்தியாகும். ரப்பருக்குத் தீங்கு செய்யாத எண்ணெய் என்பதே அதற்குக் கிடைத்த பெருமை. நம் பக்கத்தில், 1962-இல் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூடித் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியில் வேரூன்றியது, ‘டி.வி.எஸ். கிர்லிங்’ என்ற பெயர் பொறித்த திரவப் புட்டிகள் நாடெங்கும் உதிரிபாகக் கடைகளில் பழக்கமாயிருந்தவை.

புட்டியின்மேல் காணும் ‘டாட்’ என்பது அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் பெயர்ச் சுருக்கம். அடுத்து வரும் எண் முக்கியமாகத் திரவத்தின் கொதிநிலையைச் சுட்டுகிறது. புதிதாக இருக்கையில் டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 230 டிகிரி வரையிலும், டாட் 5.1 260 டிகிரி வரையிலும் கொதியாமல் தாங்க வேண்டும், ஏறக்குறைய 3.7 சதவிகிதம் நீர் கலந்த பின்னரோ முறையே 140, 155, 180 டிகிரி தாங்கினால் போதும் என்பது விதி. இவ்விரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர் நிதானமாகப் பார்க்க வேண்டும். நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவான நீர், 65 முதல் 80 டிகிரி வரை கொதிநிலையைக் கீழே இழுத்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தைக் கிரகிப்பது கிளைக்கால் ஈதரின் சுபாவம். தொட்டி மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ்களின் நுண்துளைகள் வழியாகவும் அந்த ஈரம் நுழைந்துகொண்டே இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புழுங்கும் தில்லியின் மழைக்காலம் இதற்கு உற்ற காலம்.

கொதிநிலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள வேன் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே முறை நிற்கையில் பிறக்கும் உஷ்ணம், 20 டிகிரியிலுள்ள சுமார் 400 கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கோடை விடுமுறையில் முசூரிக்குப் போன குடும்பம், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலிருந்து தேராதூனை நோக்கி இறங்கும்போது, இத்தகைய நிறுத்தங்களுக்கு நிகரான சூட்டைப் பிரேக்குகள் ஓய்வின்றி விழுங்க நேரிடுகிறது. அப்போது பழந்திரவத்திலுள்ள நீர் ஆவியாகிறது. நீர்மம் நெருக்கத்துக்கு இடங்கொடாது, ஆவியோ அமுங்கும். ஆகவே, இதுவரை பாதத்துக்கு எதிர்த்து நின்ற பெடல் அந்தக் க்ஷணத்தில் பஞ்சுபோல் தரைவரை இறங்கிவிடும். கீழ்க் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்கின் சுமை குறையும் என்பது உண்மையே. ஆனால் ஆறு வருஷத் திரவத்தை வைத்துக்கொண்டு கியரை மட்டும் நம்பி மலையிறங்குவதற்கு நான் ஒருகாலும் சம்மதியேன்.

எந்தத் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தொட்டியின் மூடியிலேயே பொறித்திருக்கும். அங்கே அழிந்திருந்தால் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கும். டாட் 3 என்று இருந்தால் டாட் 3 ஊற்றலாம். டாட் 4 ஊற்றினாலும் குற்றமில்லை, இரண்டும் ஒரே குடும்பம். டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 ஊற்றுவதுதான் தகாது. டாட் 5.1-உம் இந்தக் குடும்பமே. எனினும் நகரத்துக்குள் ஓடும் பழைய ஆம்னிக்கு அதற்கான அதிக விலை அவசியமற்றது. டாட் 5.1-க்கும் வெறும் டாட் 5-க்கும் எண்ணில் ஒரு புள்ளிதான் பேதம் போலத் தோன்றும். உண்மையில் டாட் 5 சிலிக்கோன் வகை, ஊதா நிறமானது, மற்றவற்றோடு கலவாதது. கிளைக்கால் திரவம் இருந்த குழாய்களில் அதை ஊற்றினால் உள்ளே நுழையும் நீர் கரையாமல் தாழ்ந்த இடங்களில் துளித்துளியாய்த் தங்கி, இரும்பை அரித்து, நூறு டிகிரியிலேயே கொதிக்கும். காஷ்மீரி கேட் போன்ற பெரிய உதிரிபாகச் சந்தையில் வாங்கினாலும், மூலைக் கடையில் வாங்கினாலும், மூடியின் உட்காகிதம் உடையாத சிறு புட்டியையே கேட்டு வாங்க வேண்டும். பரணில் மூன்று வருஷம் திறந்து கிடந்த பாதிப் புட்டி பணத்தை மிச்சப்படுத்தாது.

ஊற்றுமுன் ஒரு விசாரணை உண்டு: திரவம் ஏன் குறைந்தது? பிரேக் பேடும் லைனிங்கும் தேயத் தேய, பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து அந்த இடத்தைத் திரவம் நிரப்புவதால், தொட்டியில் மட்டம் மெதுவாகத் தாழ்வது இயல்பே. அப்போது செய்ய வேண்டியது, லைனிங்கைப் பார்ப்பது. தேய்ந்த லைனிங்கோடு மேல்கோடு வரை நிரப்பிவிட்டால், பிறகு புது லைனிங் போடுகையில் பிஸ்டன் பின்வாங்கித் திரவம் வழிந்தோடும். மட்டம் ஓரிரு வாரத்தில் திடீரென்று இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். பின்சக்கர டிரம்மின் உட்புறத்திலும் டயரின் ஓரத்திலும் ஈரக்கசிவு தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வீல் சிலிண்டர் வாஷர் தேய்ந்த வண்டியில் அங்கேதான் முதலில் தென்படும். ஒழுக்கை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் காரியம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மூடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் நார் உதிராத துணியால் துடைத்த பின்பே திறக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் மாஸ்டர் சிலிண்டரின் வழவழப்பான சுவரைக் கீறிவிடும். ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் இருப்பதால், காரில் பழகியவர் தொட்டியை எஞ்சின் பக்கம் தேடாமல் கைப்புத்தகம் காட்டும் இடத்தில் பார்ப்பது உத்தமம். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே நிற்குமாறு மெதுவாக ஊற்றி உடனே மூட வேண்டும். பெயின்ட்மேல் சிந்திய துளி சிறிது நேரத்தில் வண்ணத்தைத் தின்றுவிடும். துடைத்துப் பரப்பாமல் ஏராளமான நீர் ஊற்றிக் கழுவுக.

புதுத்திரவம் வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருக்கும். தொட்டியிலுள்ளது காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் மேலே ஊற்றுவதில் பயனில்லை. முழுவதையும் மாற்ற வேண்டும். உதவியாளர் ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து பழையதை வெளியேற்றி, பெடல் எழுமுன் நிப்பிளை மூடுவார்; தெளிந்த திரவம் குமிழின்றி வரும் வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பட்டறைச் சம்பிரதாயம். கைப்புத்தகம் வேறு முறை கூறினால் அதுவே பிரமாணம். இடையில் தொட்டி வற்றினால் காற்று புகுந்து வேலை முழுவதும் முதலிலிருந்து தொடங்கும்.

வெளியே எடுத்த திரவம் விஷம். சாக்கடையில் கொட்டாமல் மூடிய டப்பாவில் சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்குமானால், பிள்ளைகள் பள்ளி வாசலில் காத்திருந்தாலும் சரி, அந்த வேன் அன்றைக்குத் தெருவில் இறங்கத் தகாது.